சத்தமில்லாச் சிறகுக்கு ஒரு சர்வீஸ் சென்டர்

ஆந்தையின் காதுக்குள் எட்டிப் பார்த்தால் அதன் கண் தெரியும். சத்தியமாக! முகத்தைச் சுற்றி வட்டமாக நிற்கும் இறகுகளை விரலால் மெல்ல ஒதுக்கினால், தலையின் பக்கவாட்டில் நீளமாக ஒரு துளை. அதற்குள் சின்ன டார்ச் வெளிச்சம் பட்டால் கண் உருண்டையின் பின்பக்கம் எதிரே நிற்கும். லாரியில் மோதி வந்த ஆந்தைக்குத் தலையில் எவ்வளவு அடி என்று பார்க்கும் கால்நடை மருத்துவர், முன்பக்கம் கண்ணைப் பார்த்துவிட்டு, கையோடு காது வழியாகவும் ஒரு முறை பார்த்துவிடுவார். கண்ணுக்கும் காதுக்கும் சேர்த்து ஒரே டோக்கன்!

இந்த மாதிரிப் பின்வாசல் சமாசாரங்களைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கிளையில் உட்கார்ந்து முழிக்கிற ஆந்தையை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது பறக்கும்போது ஏன் ஒரு சத்தமும் வருவதில்லை? அடிபட்டால் அந்தச் சத்தமின்மையை எப்படிப் பழுதுபார்க்கிறார்கள்? ஆமாம், சத்தமின்மையையும் பழுதுபார்த்தாக வேண்டும். ஆந்தைக்கு எலும்பு கூடுவது பாதி குணம்தான். பறக்கையில் ‘டப் டப்’ என்று கேட்டால் அது இன்னும் நோயாளி.

அதுவும் இந்தக் கதை நடக்கிற இடம் ஓசூர்! அசோக் லேலண்ட் லாரியும் டி.வி.எஸ். பைக்கும் பிறக்கிற ஊர். சிப்காட்டில் ஷிப்டு மாறி ஷிப்டு ஓடிக்கொண்டே இருக்கும். ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, அதற்கப்புறம் கர்நாடகம். தேசிய நெடுஞ்சாலை 44-ல் ராத்திரி இரண்டு மணிக்கும் ஏர் ஹாரன் ஓய்வதில்லை. இந்த இரைச்சலில் ஆந்தைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை நிறையவே இருக்கிறது. கேன்டீன் இருக்கும் இடத்தில் மிச்சச் சோறு, மிச்சச் சோறு இருக்கும் இடத்தில் எலி, எலி இருக்கும் இடத்தில் கூகை. உயரமான தகரக் கூரை, இரும்பு உத்திரம், ஆள் ஏறாத இருட்டு மூலை என்று கூகை கேட்கிற வசதி எல்லாம் தொழிற்சாலை ஷெட்டில் தயாராக இருக்கின்றன. வாடகையை எலிக்கணக்கில் கொடுத்துவிடுகிறது.

கூகை மட்டுமா? சாயங்காலம் சாலையோரப் புளியமரப் பொந்திலிருந்து தலையை நீட்டி, தெருவிளக்கைச் சுற்றும் பூச்சிகளைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கிளைக்காரனோடு ஓயாமல் கத்திச் சண்டை போடுவது புள்ளி ஆந்தை. சூளகிரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறைக் குன்றுகளுக்குச் சொந்தக்காரன் கொம்பன் ஆந்தை. அது கூடு கட்டுகிற ரகம் இல்லை; பாறை இடுக்கில் வெறும் மண்ணிலேயே முட்டையிடும். பாறையை வெட்டி கிரானைட்டாக அனுப்பும் மாவட்டத்தில் இது எவ்வளவு துணிச்சலான முடிவு, யோசித்துப் பாருங்கள்! இன்னும் தெற்கே அஞ்செட்டியைத் தாண்டிக் காவிரிக் கரைக்குப் போனால் மீன் ஆந்தை. அந்தக் காடு 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மீன் ஆந்தையை மனதில் ஓர் ஓரமாக உட்கார வையுங்கள். கொஞ்ச நேரத்தில் அதற்கு ஒரு சிறப்புத் தோற்றம் உண்டு.

முதலில் ராத்திரி ஷிப்டிலிருந்து வருகிற தொலைபேசி. பெயரும் இடமும் மாறும், பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“சார், இங்க பிரஸ் ஷாப் மூலையில புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம் வருது சார். பாம்புன்னு நெனச்சு எல்லாரும் வெளிய ஓடியாந்துட்டோம்.”

“றெக்கை இருக்கா பாருங்க தம்பி.”

“இருக்கு சார்! ஒரு பக்கம் தொங்குது. மூஞ்சி வெள்ளையா, ஹார்ட்டு ஷேப்ல இருக்கு.”

“கூகைப்பா அது. யாரும் கிட்ட போவாதீங்க, போட்டோ எடுக்காதீங்க. அட்டைப்பெட்டி ஒண்ணு இருக்குமா?”

ஸ்பேர் பார்ட்ஸ் ஊரில் அட்டைப்பெட்டிக்கா பஞ்சம்! பறவை மறுவாழ்வு வேலையில் மிகப் பெரிய மருத்துவக் கருவி அந்தப் பெட்டிதான் என்று சொன்னால் சிரிக்காதீர்கள். காற்றுக்கு நாலு ஓட்டை, அடியில் ஒரு பழைய துண்டு, மூடினால் இருட்டு. ஆந்தைக்கு மனித முகத்தைப் பார்ப்பதே பெரிய அதிர்ச்சி. இருட்டில் அதன் படபடப்பு இறங்கும். பிடிக்கும்போது ஒரு தடிமனான துண்டை மேலே போட்டு, இறக்கையை உடம்போடு சேர்த்து அணைத்து, கால்களைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். அலகைப் பார்த்துப் பயப்படுகிற நாம் காலைத்தான் பார்த்துப் பயப்பட வேண்டும். வலி எல்லாம் அந்த நகங்களில் இருக்கிறது. ஆந்தையின் வெளிவிரல் முன்னும் பின்னும் திரும்பும். இரண்டு முன்னே, இரண்டு பின்னே என்று நாலு நகமும் பூட்டிக்கொண்டால் விரலை எடுப்பதற்கு இன்னொரு ஆள் வேண்டும்.

அடுத்து, நல்ல மனசுக்காரர்கள் செய்கிற கெட்ட காரியம். “பாவம், தாகமா இருக்கும்” என்று அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றுவது! பறவையின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடியிலேயே திறந்து கிடக்கிறது. ஊற்றுகிற தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகும். பால், தயிர்சாதம், பிரெட் எதுவும் கூடாது. அடிபட்ட ஆந்தைக்கு முதல் சில மணி நேரம் தேவைப்படுவது சூடு, இருட்டு, நம்முடைய வாய் மூடல்.

ஓசூர் வட்டாரத்தில் ஆந்தைக்கு அடிபடுகிற வழிகளைப் பார்த்தால் நம் ஊர்த் தொழில் வளர்ச்சியின் பொருள்பட்டியல் கையில் கிடைத்துவிடும். நெடுஞ்சாலையைத் தாழப் பறந்து கடக்கையில் லாரி, மதில்மேல் முள்கம்பிச் சுருள், காற்றாடி மாஞ்சா, கோடவுனில் எலிக்கு வைத்த பசை அட்டை. இந்தப் பசை அட்டை இருக்கிறதே, மகா பாவம். ஒட்டிக்கொண்டு கீச்சிடும் எலியின் குரலைக் கேட்டுக் கூகை இறங்கும், அதுவும் ஒட்டிக்கொள்ளும். பிடித்து இழுத்தால் இறகு பிய்ந்துவிடும். சமையல் எண்ணெயைத் தடவிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பசையை இளக்கி, பிறகு எண்ணெய் போக மிதமான சோப்பு நீரில் அலசி, காயவைத்து, மறுபடி அலசி... பல நாள் கூத்து. எலிவிஷம் இன்னொரு தினுசு. புரோமடியோலோன் போன்ற விஷம் தின்ற எலி உடனே சாகாது. தள்ளாடிக்கொண்டு சில நாள் திரியும். தள்ளாடுகிற எலியை விடுகிற ஆந்தை உண்டா? எலியின் உடம்பிலிருந்த விஷம் அப்படியே ஆந்தைக்குப் போய்ச் சேரும். ரத்தம் உறையாமல் உள்ளுக்குள்ளேயே கசியும்.

சரி, இப்போது நாம் வந்த காரியம். பெட்டியைத் திறந்து இறக்கையை விரிப்போம். கூகையின் விரித்த சிறகு முனைக்கு முனை கிட்டத்தட்ட மூன்றடி. ஆள் மொத்தம் அரைக் கிலோ தேறுவது கஷ்டம். உடம்பு இவ்வளவு லேசு, சிறகு இவ்வளவு அகலம் என்பதே முதல் தந்திரம். மெதுவாகப் பறந்தாலும் விழாது. விமானவியலில் ஒரு கணக்கு உண்டு: சிறகின் பின்விளிம்பில் எழும் இரைச்சலின் அளவு வேகத்தின் ஐந்தாம் மடிக்கு ஏற்ப ஏறி இறங்கும். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் சத்தம் முப்பதில் ஒரு பங்காகிவிடும். நம் ஊர் பஸ் டிரைவர்கள் கவனிக்க.

இதற்கு மேல் பார்க்க பூதக்கண்ணாடி வேண்டும். ஓசூர் டைட்டன் தொழிற்சாலையில் கைக்கடிகாரம் கோப்பவர்கள் கண்ணில் மாட்டுகிற லூப் கிடைத்தால் விசேஷம்! இறக்கையின் வெளியோரத்து இறகை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முன்விளிம்பில் வரிசையாகப் பற்கள், சின்னஞ்சிறு கொக்கிகளாக வளைந்து நிற்கும் ஒரு சீப்பு. பல் ஒவ்வொன்றும் ஓரிரு மில்லிமீட்டர். எதிரே வரும் காற்றை இந்தச் சீப்பு பிரித்து, சிறகின்மேல் ஒழுங்காக ஓடவைக்கிறது. இப்போது இறகைத் திருப்பிப் பின்விளிம்பைப் பாருங்கள். காக்கை இறகின் ஓரம் கத்தரித்துவிட்ட மாதிரி நறுக்கென்று முடியும். ஆந்தை இறகின் ஓரமோ நூல் நூலாகப் பிரிந்து தொங்கும். சிறகின் மேலும் கீழும் ஓடிய காற்று மறுபடி சந்திக்கிற கூர்மையான விளிம்பில்தான் பெரும்பாலான இரைச்சல் பிறக்கிறது. விளிம்பே பிசிறாகிப்போனால் இரைச்சலுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. மூன்றாவது, இறகின் மேற்பரப்பைத் தடவிப் பார்த்தால் தெரியும்: வெல்வெட்! இறகோடு இறகு உரசும் ஓசையை அந்த மெல்லிய ரோமப் பரப்பு விழுங்கிவிடுகிறது.

இந்த மூன்றையும் பட்டியல்போட்டுச் சொன்னவர் விமானத்துறை ஆய்வாளர் ஆர். ஆர். கிரஹாம், 1934-ல். அன்றிலிருந்து இன்றுவரை பொறியாளர்களுக்கு ஆந்தைமேல் ஒரு கண். ஜப்பானில் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவேண்டிய 500 வரிசை ஷின்கான்சென் ரயிலுக்கு, கூரைமேல் மின்கம்பியைத் தொடும் பாண்டோகிராஃப் பெரும் தலைவலியாக இருந்தது. காற்றில் அது போட்ட இரைச்சல் அப்படி. ரயில்வே பொறியாளர் ஐஜி நகாட்சு ஒரு பறவை நோக்கரும்கூட. ஆந்தைச் சிறகின் பற்களைப் பார்த்து அதேபோன்ற சின்னப் புடைப்புகளை அந்தக் கருவியில் வைத்தார்கள். 1997-ல் ரயில் ஓடத் தொடங்கியது. ஓசூரிலும் இப்போது ஏத்தர், டி.வி.எஸ். ஐகியூப் என்று சத்தமில்லாத மின் ஸ்கூட்டர்கள் வரிசையில் இறங்குகின்றன, போச்சம்பள்ளியில் ஓலா. சத்தத்தை மிச்சப்படுத்துவதில் ஆந்தை இவர்களுக்குப் பல லட்சம் வருடம் சீனியர்.

பி.பி.சி. ஒரு முறை வேடிக்கையான சோதனை ஒன்று செய்து படம்பிடித்தது. தரையில் மெல்லிய இறகுகளைக் கொட்டி, மைக்குகளை வரிசையாக வைத்து, மேலே மூன்று பறவைகளைப் பறக்கவிட்டார்கள். புறா பறந்தபோது இறகெல்லாம் எகிறியது, மைக்கில் படபடவென்று அலை. வல்லூறு வகையைச் சேர்ந்த பெரக்ரின் பறந்தபோதும் ஆர்ப்பாட்டம்தான். கூகை பறந்தது. தரையில் கிடந்த இறகுகள் கிட்டத்தட்ட அசையவே இல்லை!

இன்னொன்றும் இருக்கிறது. ஆந்தை எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாக மிச்சப்படுத்துவதில்லை. கீழ்ச்சுருதி கொஞ்சம் மிஞ்சும். ஏறத்தாழ 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள கீச்சுச் சுருதியைத்தான் அது அறவே துடைத்தெடுக்கிறது. எலியின் காது கூர்மையாக இருப்பது அந்த மேல் பகுதியில். ஆந்தை எலியின் சலசலப்பைத் தேடிக் கேட்பதும் அதே பகுதியில். ஆக, இந்த மௌனம் இரண்டு பக்கம் வேலை செய்கிறது: எலிக்கு ஆந்தை கேட்பதில்லை, தன் சிறகோசை குறுக்கிடாததால் ஆந்தைக்கு எலி கேட்கிறது.

இங்கேதான் நம் மீன் ஆந்தை மேடை ஏறுகிறது. தண்ணீருக்கடியில் இருக்கும் மீனுக்கு மேலே பறக்கிற சிறகோசை கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன? எனவே மீன் ஆந்தைகள் இந்தச் சீப்பு, வெல்வெட் செலவையெல்லாம் வெட்டிவிட்டன. அது பறந்தால் நமக்கு நன்றாகவே சத்தம் கேட்கும். தேவையில்லாத உதிரிபாகத்தைக் கழற்றிவிட்டு விலையைக் குறைக்கும் கலை காவிரிக் கரையில் ரொம்ப காலமாக நடக்கிறது!

காதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் ஆந்தை மன்னிக்காது. கூகைக்கு இரண்டு காதும் ஒரே உயரத்தில் இல்லை. இடதுகாதுத் துளை கொஞ்சம் மேலே, வலது கொஞ்சம் கீழே. மேலிருந்து வரும் ஓசையும் கீழிருந்து வரும் ஓசையும் இரண்டு காதிலும் வேறு வேறு பலத்தில் விழும். அந்த வித்தியாசத்தை வைத்தே எலி எங்கே என்று அதன் மூளை புள்ளி வைத்துவிடும். முழு இருட்டறையில் கூகை காதை மட்டும் நம்பி எலி பிடிக்கும் என்று காட்டியவர் ரோஜர் பெய்ன். பிற்காலத்தில் திமிங்கிலப் பாட்டுக்குப் பெயர்போனவர். அவருக்கு அடுத்து மசகாசு கோனிஷி. எலி சத்தமில்லாமல் நடக்கும்படி தரையை அமைத்து, அதன் வாலில் ஒரு காகிதத் துண்டைக் கட்டிவிட்டால், இருட்டில் பாய்ந்துவந்த ஆந்தை பிடித்தது காகிதத்தை! ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் இன்னொரு பொறாமைப்படத்தக்க செய்தி சொன்னார்கள். கூகைக்கு வயதானாலும் காது மந்தமாவதில்லை. வைஸ் என்ற 23 வயதுக் கிழட்டுக் கூகைக்கும் இளவட்டங்களுக்கும் கேள்வித்திறனில் பெரிய வித்தியாசம் இல்லை. பிரஸ் ஷாப்பில் இருபது வருடம் நின்ற மனிதர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பெருமூச்சு வரும்.

இனி சிகிச்சை அறை. எலும்பு முறிவுக்குக் கட்டு, தேவைப்பட்டால் மெல்லிய உலோக ஊசி. அது எந்தப் பறவைக்கும் நடப்பது. ஆந்தைக்கே உரிய பிரச்சினை இறகில் தொடங்குகிறது. முள்கம்பியில் சிக்கி அடித்துக்கொண்டதில் சிறகிறகுகள் பாதியில் முறிந்திருக்கும். புதிதாக முளைக்கும்வரை காத்திருக்கலாமே என்றால், கூகை பறக்கும் இறகுகளை எல்லாம் ஒரே பருவத்தில் மாற்றிக்கொள்வதில்லை. முழுவதும் மாற இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும்! அத்தனை காலம் கூண்டில் வைத்தால் பாதத்தில் புண், கம்பி வலையில் உரசி மிச்ச இறகும் பாழ், காட்டு வாழ்க்கையே மறந்துபோகும்.

அதற்கு ஒரு பழைய வைத்தியம் இருக்கிறது. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம்: சந்தூர் நர்சரிகளில் மாங்கன்றுக்குச் செய்கிறார்களே, அந்த ஒட்டுதான் இது. முறிந்த இறகின் தண்டை அடியில் ஒரு பகுதி விட்டு வெட்டுகிறார்கள். உள்ளே குழல். செத்துப்போன வேறொரு கூகையிடமிருந்து எடுத்துவைத்த அதே வரிசை எண் இறகை அளவாக வெட்டி, இரண்டு குழலுக்கும் நடுவில் மெல்லிய மூங்கில் ஊசியோ கார்பன் இழையோ செருகி, ஒரு சொட்டு பசை. பக்கத்து இறகில் பசை பட்டுவிடாதபடி அடியில் ஒரு காகிதம். கோணம் இம்மி பிசகினால் சிறகு காற்றில் படபடக்கும். முற்றிய இறகுத் தண்டில் உயிர் இல்லை, ஆகவே வலிக்காது. ஆனாலும் அசையாமல் இருக்க மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள். அடுத்த இறகுதிர் பருவத்தில் ஒட்டும் அடித்தண்டும் சேர்ந்தே விழுந்து, சொந்த இறகு முளைக்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பேரரசர் இரண்டாம் பிரெடரிக் பருந்து வேட்டை பற்றி எழுதிய நூலிலேயே இந்த வித்தை இருக்கிறது.

கவனியுங்கள், அதே வரிசை எண், அதே பக்கம். ஒவ்வொரு இறக்கையிலும் பத்து முதன்மை இறகுகள். சீப்புப் பற்கள் கூகைக்கு முக்கியமாக இருப்பது வெளியோரத்துப் பத்தாம் எண்ணில். அது முறிந்திருந்தால் அவசரத்துக்குப் பருந்து இறகையோ புறா இறகையோ ஒட்டலாம், ஆந்தை பறக்கவும் பறக்கும். சத்தத்தோடு பறக்கும்! ஒவ்வொரு வேட்டையிலும் எலி இரண்டு நொடி முந்திக்கொள்ளும். நெடுஞ்சாலையில் செத்த கூகையின் இறகுகளை எண் போட்டு, இடது வலது பிரித்து, அலமாரியில் அடுக்கி வைக்கிற வழக்கம் இதனால் வந்தது. ஒன்றின் விபத்து இன்னொன்றின் மௌனமாகிறது. (அனுமதி பெற்ற மையங்களுக்கு மட்டும்தான் இந்த அலமாரி. நீங்களும் நானும் ஆந்தை இறகைச் சேர்த்துவைத்தால் வனத்துறை விசாரிக்கும்.) வால் இறகு கூண்டில் உரசி உடையாமல் இருக்க, பழைய எக்ஸ்ரே பிலிமை மடித்து உறை போட்டுவிடுவார்கள். யாரோ ஒருவரின் முழங்கால் எக்ஸ்ரே ஆந்தையின் வாலில் தொங்கும் காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

சமையலறையை எட்டிப் பார்க்கப் பலருக்குத் தைரியம் வராது. முழு எலிகள், உரிக்காமல், வெட்டாமல். எலும்பும் ரோமமும் உள்ளே போனால்தான் மறுநாள் ஆந்தை கரிய நிறத்தில் ஓர் உமிழ்கட்டியைக் கக்கும். காலையில் கூண்டைப் பெருக்குகிறவர் முதலில் தேடுவது அதைத்தான். கட்டி இல்லையென்றால் ஏதோ சரியில்லை. இந்தக் கட்டிகளைப் பிரித்து உள்ளே இருக்கும் மண்டையோடுகளை எண்ணியே காவிரி டெல்டாவில் கூகை எந்த வயல் எலியை எவ்வளவு தின்கிறது என்று கண்டார்கள், மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரி ஆய்வாளர்களின் பங்கு இதில் பெரிது. குஞ்சுகள் வந்துவிட்டால் இன்னும் நாடகம். ஊட்டுகிறவர் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும், பேசக்கூடாது, இடுக்கியால்தான் கொடுக்க வேண்டும். மனிதனை அம்மா என்று நினைத்துப் பழகிய ஆந்தையைக் காட்டில் விட முடியாது.

கடைசித் தேர்வு: நீளமான கூண்டு, இருட்டு, தரையில் உலர்ந்த சருகு, அதில் ஓடும் உயிருள்ள எலி. மறுவாழ்வு மையங்கள் பலவும் விடுவிப்பதற்கு முன் இப்படி ஒரு பரீட்சை வைக்கின்றன. பார்ப்பதைவிடக் கேட்பதுதான் பரிசோதகருக்கு வேலை. சிறகடி காதில் விழுந்தால் தோல்வி, மறுபடி கூண்டு. எதுவுமே கேட்காமல், சருகில் மட்டும் ‘சட்’டென்று ஓர் ஓசை வந்தால் முதல் வகுப்பு!

பாஸ் ஆன ஆந்தையை எங்கே விடுவது? இங்கே ஓசூரின் இரைச்சல் மறுபடி குறுக்கே வருகிறது. 2016-ல் ஜப்பானில் சென்சாகி குழுவினர் காட்டு ஆந்தைகளிடம் சோதித்தார்கள்: சாலையிலிருந்து 120 மீட்டருக்கும் அதிகமான தூரம்வரை வாகன இரைச்சல் அவற்றின் இரை தேடும் திறனைக் குறைத்தது. அதே வருடம் அமெரிக்காவில் மேசன் குழுவினர் எரிவாயு கம்ப்ரஸர் இரைச்சலை ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். ஒரு டெசிபல் கூடினால் ஆந்தை இரையைக் கண்டுகொள்ளும் வாய்ப்பு சுமார் 11 சதவீதம் சரிந்தது. சிறகை எவ்வளவு அழகாக ஒட்டி அனுப்பினாலும், கம்ப்ரஸர் அறைக்குப் பக்கத்தில் விட்டால் பயனில்லை. கெலவரப்பள்ளி அணையின் வயற்பக்கம், மத்திகிரியில் 1824 முதல் இருக்கும் கால்நடைப் பண்ணையின் புல்வெளி மாதிரி இடங்கள் ஆந்தைக்குச் சொத்து. அவற்றை வெறும் காலி மனையாகப் பார்க்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு.

இன்னொரு தலைவலி, எல்லைக்கோடு. காட்டுப் பறவைகளுக்கென்றே இயங்கும் பெரிய சிகிச்சை மையங்கள் ஓசூருக்குப் பக்கம் என்றால், அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம்தான்: கெங்கேரியில் 1996 முதல் இருக்கும் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் வனவிலங்கு மருத்துவமனை, பெங்களூருவின் பறவை, ஊர்வன மறுவாழ்வு மையமான ஏ.ஆர்.ஆர்.சி. ஆனால் காட்டுயிரை மாநிலம் தாண்டிக் கொண்டுபோக வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடையில் கலக்கிற ஊரில், ஆந்தைக்கு மட்டும் செக்போஸ்ட்! சட்டம் தேவைதான். ஆந்தைக் கடத்தலும் இதே சாலைகளில்தான் ஓடுகிறது. கேட்டால் கள்ளன்கூட “காப்பாத்தி எடுத்துட்டுப் போறேன் சார்” என்பான். ஆனால் தொழிற்பேட்டைகள் வைத்திருக்கும் ஊருக்குக் காட்டுப் பறவைகளுக்கான சொந்த சிகிச்சை மையம் ஒன்று கட்டாயம் வேண்டும். மத்திகிரியிலேயே கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கோழியினக் கல்லூரி இருக்கிறது. பறவை உடம்பு தெரிந்தவர்களை வெளியூரில் தேட வேண்டியதில்லை.

கடத்தல் என்றதும் சிரிப்பு நின்றுவிடுகிறது. காட்டுயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்புக்காக அப்ரார் அகமது தயாரித்த 2010 அறிக்கை, இந்திய ஆந்தை வகைகளில் பாதி சந்தையில் விற்கப்படுவதைக் காட்டியது. காரணம் பெரும்பாலும் மாந்திரீகம், உச்சம் தீபாவளிச் சமயம். 2018 தெலங்கானா தேர்தல் நேரத்தில் கர்நாடகத்தின் கலபுர்கி மாவட்டத்தில் கொம்பன் ஆந்தைகளோடு சிலர் பிடிபட்டார்கள். தேர்தலில் ஜெயிக்க ஆந்தையாம்! நம் பக்கம் அதற்குச் சாக்குருவி என்று பட்டம் கட்டிக் கல்லால் அடிக்கிறோம். அலறினால் சாவு என்கிறோம். வருடத்துக்கு எத்தனையோ எலியை அது சாகடிக்கிறது என்பது உண்மைதான். மனிதர் யாரையும் இதுவரை அலறிக் கொன்றதில்லை.

சிப்காட் ஷெட் மேலாளர்களே, ஒரு வேண்டுகோள். பசை அட்டையை இன்றே எடுத்துவிடுங்கள். பொறிக்கூண்டு அதே எலியைப் பிடிக்கும், ஆந்தையைப் பிடிக்காது. அடிபட்ட ஆந்தை கிடைத்தால் பெட்டியில் மூடிவைத்து ஓசூர் வனக்கோட்ட அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். ஆயுத பூஜைக்குக் கூரையைச் சுத்தம்செய்ய ஆள் ஏற்றுவதற்கு முன் உத்திரத்து மூலைகளில் ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள். பெரிதும் சிறிதுமாக வெள்ளைப் பந்துகள் நாலைந்து உட்கார்ந்து புஸ்ஸென்று சீறினால் அவை கூகைக் குஞ்சுகள். முட்டையிலிருந்து வந்து பறக்க ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். அந்த ஒரு மூலைக்கு மட்டும் இந்த வருடம் ஒட்டடைக் கம்பு வேண்டாம்.